கணனிப் புலமையும் உளநோயும்: ஒரு தொன்மத்தின் சமூக அடிப்படைகள்

1

ஆற்றலும் பித்தும் உடன்பிறந்தவை என்னும் கருத்து மிகப் பழைமையானது. அரிஸ்ரோட்டிலின் பெயரால் வழங்கும் ‘பிரச்சினைகள்’ என்ற தொகுப்பிலேயே, மெய்யியல், அரசியல், கவிதை ஆகிய துறைகளில் மேம்பட்டோர் துயரவியல்பு மிக்கோராய் இருப்பது ஏன் என்ற வினா எழுப்பப்பட்டுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இத்தாலிய மருத்துவரான சேசரே லொம்புரோசோ, ‘மேதைமையும் பித்தும்’ என்ற நூலை 1864 இல் வெளியிட்டார். பின்னர் அதனை விரித்தெழுதி, மேதைமை என்பதே உளச்சீர்கேட்டின் ஒரு வடிவம் என நிறுவ முயன்றார். குற்றவாளியின் மண்டையோட்டிலே குற்றத்தின் மூலத்தைத் தேடியவரும் இதே லொம்புரோசோதான் என்பது மனங்கொள்ளத்தக்கது. இரு முயற்சிகளும் ஒரே அடிப்படையில் எழுந்தவை. சமூக உறவுகளிலே வேர்கொண்டுள்ள ஒன்றைத் தனிமனிதனின் உடலுக்குள் அடக்கிவிடுவதே அவ்வடிப்படையாகும்.

இன்று இக்கருத்தின் நாயகன் கவிஞனல்லன், கணனியறிஞன். புனைவியல் யுகம் கவிஞனுக்கு அளித்த தனிமையையும் உன்மத்தத்தையும் அகால மரணத்தையும் நமது காலத்துத் திரைப்படமும் வெகுசன வாழ்க்கை வரலாறும் செய்நிரலாளனுக்கும் கணிதவியலாளனுக்கும் உடைமையாக்கியுள்ளன. இத்தொன்மத்தை நிலைநிறுத்திய படைப்புக்களை அவை சித்திரிக்கும் மாந்தரின் வரலாறுகளோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உளநோய் பொய்யென்றோ, கணனித்துறையினரிடையே துன்பம் இல்லையென்றோ வாதிடுவது நமது கருத்தன்று. மாறாக, அத்துன்பம் மெய்யானது என்பதனாலேயே அதற்குச் சொல்லப்படும் காரணம் மெய்யானதா என்பதைப் பரிசீலித்தல் வேண்டும். காரணம் பிழையெனின் பரிகாரமும் பிழையாகும்.

2

2014 இல் வெளிவந்த ‘த இமிற்றேசன் கேம்’ என்னும் திரைப்படம் அலன் ரியூரிங்கின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டது. அன்றூ ஹொட்ஜஸ் 1983 இல் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாற்றைத் தனது மூலமாக அது குறிப்பிடுகின்றது. ஆயின் நூலிலே காணப்படும் ரியூரிங்கும் திரையிலே காணப்படும் ரியூரிங்கும் வேறுபட்ட மனிதர்கள். திரையில் வருபவர் நகைச்சுவையை விளங்கிக்கொள்ளாதவர். சக ஊழியரைப் புறக்கணித்துத் தாமாகவே ஓர் இயந்திரத்தைக் கட்டுபவர். மனிதருடன் உறவாட முடியாமையினாலேயே இயந்திரத்துடன் உறவாடுபவர். நூலில் வருபவரோ கூச்சமும் விசித்திரமான பழக்கங்களும் உடையவராயினும், நண்பர்களும் நகைச்சுவையும் வாய்க்கப்பெற்றவர். மரதன் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தவர்.

ஒரேயொரு நிகழ்ச்சி இவ்வேறுபாட்டை விளக்கப் போதுமானது. பிளெச்லி பார்க்கிலே ஆள்வளம் போதாமையால் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் பணி தடைப்பட்டபோது, 1941 ஒக்ரோபர் 21 ஆம் திகதி பிரதமர் சேர்ச்சிலுக்கு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. அதில் ரியூரிங், வெல்ச்மன், அலெக்சாண்டர், மில்னர்-பரி ஆகிய நால்வர் ஒப்பமிட்டிருந்தனர். அதனை இலண்டனுக்கு எடுத்துச் சென்றவர் மில்னர்-பரி. திரைப்படத்திலோ இக்கூட்டுக் கோரிக்கை ரியூரிங் தனியொருவராக எழுதும் மடலாகி, அவரைச் சகாக்களுக்குத் தலைவராக்கும் சூழ்ச்சியாகவும் மாறிவிடுகின்றது. போருக்கு முன்னரே எனிக்மாவைத் தாக்கிய போலந்துக் கணிதவியலாளரும், இயந்திரத்தை மேம்படுத்திய வெல்ச்மனும், அதனைத் தொழிற்சாலையிலே உருவாக்கிய பொறியியலாளரும், இரவு பகலாக அதனை இயக்கிய பல நூற்றுக்கணக்கான பெண்களும் திரையின் ஓரங்களுக்குத் தள்ளப்படுகின்றனர். கூட்டு உழைப்பின் விளைபொருள் ஒரு தனிமனிதனின் மூளையிலிருந்து வெடித்தெழுந்த அற்புதமாகக் காட்டப்படும்போது, அம்மூளை இயல்புக்கு மாறானதாகவும் இருந்தேயாகவேண்டிய கட்டாயம் கதைக்கு ஏற்பட்டுவிடுகின்றது. மேதையின் நோய் இங்கு ஒரு வரலாற்று உண்மையாகவன்றி, உழைப்பை மறைத்ததனால் உண்டான இடைவெளியை நிரப்பும் உத்தியாகவே வருகின்றது.

ரியூரிங்கின் துன்பம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு வரலாறு தெளிவான விடை தருகின்றது. 1885 ஆம் ஆண்டின் ஒரு சட்டப்பிரிவின் கீழ், ஓர் ஆணுடன் கொண்ட உறவுக்காக 1952 மார்ச்சிலே அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஓராண்டு காலம் பெண்சுரப்பு மருந்தை ஏற்கும் நிபந்தனை விதிக்கப்பட்டது. அரச இரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிக்கப்பட்டது. 1954 யூன் 7 ஆம் திகதி, 41 வயதில் அவர் இறந்தார். விசாரணை அதனைத் தற்கொலையெனத் தீர்த்தது. அத்தீர்ப்பைப் பின்வந்த ஆய்வாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். எவ்வாறாயினும், 2009 இல் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிறவுண் மன்னிப்புக் கோரியதும், 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டதும் அவரது மூளையின் அமைப்பிற்காக அல்ல. அரசு இழைத்த கொடுமைக்காகவே. மருந்தின் விளைவால் அறிவாற்றல் குலைந்து, எளிய புதிரையும் தீர்க்கவியலாதவராய் ரியூரிங் திரையிலே நடுங்குகின்றார். மெய்யான ரியூரிங்கோ அக்காலத்திலும் உயிரினங்களின் வடிவம் எவ்வாறு தோன்றுகின்றது என்ற கணித ஆய்வைத் தொடர்ந்து கொண்டிருந்தார். அரசின் குற்றத்தைக் காட்டுவதற்குக்கூட அத்திரைப்படத்திற்கு ஒரு சிதைந்த மேதை தேவைப்படுகின்றான். சிதையாத மனிதனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் கொடுமையே என்பதை அது நம்பவில்லை.

3

ஜோன் நாஷ் இதனின்றும் வேறுபட்ட ஓர் எடுத்துக்காட்டு. ரியூரிங்கின் துன்பத்தைச் சட்டம் விளைவித்தது என்று கூறலாம். நாஷை வருத்திய உளச்சிதைவு நோயோ ஐயத்துக்கு இடமற்ற நோய். அவர் கணனியறிஞரல்லர், கணிதவியலாளரேயாவர். எனினும் அவரது விளையாட்டுக் கோட்பாடு இன்றைய கணனியியலின் பாடங்களுள் ஒன்றாகிவிட்டமையாலும், அவரைப் பற்றிய திரைப்படம் இத்தொன்மத்தின் முதன்மையான வாகனமாய் அமைந்தமையாலும் இங்கு அவரை விலக்கிவிட முடியாது. சில்வியா நாசர் 1998 இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி, ‘எ பியூற்றிபுல் மைன்ட்’ என்ற பெயருடன் 2001 இல் வெளிவந்த அத்திரைப்படம் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது.

நாஷின் ஆய்வுகளைக் கால வரிசைப்படி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அவருக்கு 1994 இல் நோபல் பரிசைப் பெற்றுக்கொடுத்த ஆய்வு 1950 ஐ ஒட்டியது. கணிதவியலாளர் அதனினும் மேலாக மதிக்கும் அவரது பிற ஆய்வுகளிற் பெரும்பாலானவையும் 1950களுக்கு உரியவை. அவர் முதன்முதலாக மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டதோ 1959 இல். 1960களில் நோய் தணிந்த இடைவெளிகளிலே சில ஆய்வுகள் எழுந்தன. அதன்பின் நீண்டகாலம் குறிப்பிடத்தக்க எதுவும் வரவில்லை. நோய் அவருக்கு எதனையும் கொடுக்கவில்லை, இருந்ததைப் பறித்தது. தொன்மம் இவ்வரிசையை மறக்கச் செய்கின்றது. பித்தும் கணிதமும் ஒருங்கே பொங்கி வழிந்தனவென்ற மயக்கத்தை அது தோற்றுவிக்கின்றது.

இத்தொன்மத்துக்குச் சார்பான வலுவான சான்று நாசரின் நூலிலேயே உளது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. புறவுலக உயிரினங்கள் தம்முடன் பேசுகின்றன என்பதை எவ்வாறு நம்ப முடிந்தது என மருத்துவமனையிலே ஒரு சக கணிதவியலாளர் வினாவியபோது, கணித எண்ணங்கள் உதித்த அதே வழியிலேயே அவையும் உதித்தமையால் தாம் ஏற்றுக்கொண்டதாக நாஷ் விடையிறுத்தார் என்பர். இதனை நாம் சற்று ஆழமாக நோக்குதல் வேண்டும். இரண்டும் உதித்த வழி ஒன்றாயிருக்கலாம். சென்ற வழி ஒன்றன்று. 1950களின் நடுப்பகுதியில் அவர் எழுதிய ஒரு தேற்றத்தின் நிறுவல் பிறரால் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத நிலையில் இருந்தது. ஆய்விதழின் மதிப்பீட்டாளராயிருந்த ஹேர்பேட் பெடரர் பல மாதங்கள் அவருடன் உழைத்து அதனைத் தெளிவான வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் எண்ணம் கணிதமாவது அது உள்ளத்திலே மின்னுவதாலன்று. பிறர் முன் வைக்கப்பட்டு, வினாவப்பட்டு, திருத்தப்பட்டு, ஏற்கப்படுவதாலேயே. மாயக் காட்சியின் அவலமோ அது எவர் வினாவுக்கும் உட்படாமையில் உள்ளது. ஆகவே மேதைமைக்கும் பித்துக்கும் இடையிலுள்ள எல்லை மூளைக்குள்ளே மாத்திரம் வரையப்படுவதன்று; அறிவைச் சமூக உழைப்பாக்கும் உறவுகளிலும் வரையப்படுகின்றது.

நாஷ் மீண்டு வந்தமைக்குத் திரைப்படம் தரும் விளக்கம் இருவகையானது: மனவலிமையும் காதலும். நோபல் பரிசுக் காலத்தில் புதிய மருந்துகளை உட்கொள்வதாக அவர் திரையிலே கூறுகின்றார். உண்மையில் 1970 இன் பின் அவர் மருந்து உட்கொள்ளவில்லை. பிற நோயாளர் மருந்தைக் கைவிடலாகாதே என்ற எச்சரிக்கையினால் இம்மாற்றம் செய்யப்பட்டிருப்பின் அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஒருவரின் நோய் சென்ற போக்கு எல்லோருக்கும் விதியாகாது. ஆனால் மறைக்கப்பட்ட வேறு செய்திகள் அத்தகைய நியாயம் அற்றவை. அவரது மனைவி அலிசியா 1963 இல் மணவிலக்குப் பெற்றார் என்பதும், 1970 இல் அவரை மீண்டும் தம் வீட்டில் ஏற்றுத் தங்கவைத்தார் என்பதும், 2001 இல் இருவரும் மீண்டும் மணம்புரிந்தனர் என்பதும் திரையில் இல்லை. எல்சல்வடோர் நாட்டிலே பிறந்து மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பௌதிகம் பயின்ற அலிசியா, கணனிச் செய்நிரலாளராகத் தொழில் புரிந்து அக்குடும்பத்தைத் தாங்கினார். கணனித் திறன் பற்றி இக்கதையிலே பேசவேண்டுமாயின் பேசப்பட வேண்டியவர் அவரே. அவர் பித்துற்றவரல்லர், ஆதலின் தொன்மத்துக்கு அவரால் பயனில்லை. அவ்வாறே பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகம், எவ்விதப் பதவியும் இல்லாத நிலையிலும் நாஷைத் தனது நூலகத்திலும் கணித மண்டபத்திலும் நடமாட விட்டது; கணனி நிலையத்தையும் அவருக்குத் திறந்துவிட்டது. அங்கு அவர் செய்நிரல் எழுதவும் கற்றுக்கொண்டார். வீடும், இடமும், துரத்தாத சகாக்களும் ஒரு நோயாளருக்கு என்ன செய்யவல்லன என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

4

இவ்விருவரும் விதிவிலக்கானோர், சாதாரணச் செய்நிரலாளர் தனிமை விரும்பியராகவும் பிறழ்ந்தவராகவும் காணப்படுவதை மறுக்க முடியுமா என ஒருவர் கேட்கலாம். இதற்கு விடை காணக் கணனித் தொழிலின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1946 இல் பொதுமக்களுக்கு அறிமுகஞ் செய்யப்பட்ட எனியாக் இயந்திரத்துக்கு முதன்முதலாகச் செய்நிரல் வகுத்தோர் ஆறு பெண்கள். அன்று அது எழுதுவினைஞர் பணிக்கு ஒப்பானதாகக் கருதப்பட்டது. அதனைச் செய்வதற்குப் பித்துற்ற மேதைமை வேண்டுமென எவரும் கூறினாரில்லை.

தொழில் பெருகி ஆட்பற்றாக்குறை ஏற்பட்டபோது, தகுந்தோரைத் தெரிவதற்கு உளவியற் சோதனைகள் வகுக்கப்பட்டன. 1966 இல் கனன், பெரி என்னும் இரு உளவியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்நிரலாளரை ஆராய்ந்தனர். அவர்களுட் பெரும்பான்மையினர் ஆண்கள். மனிதருடன் நெருங்கிப் பழகும் செயல்களில் ஆர்வமின்மை செய்நிரலாளரின் குறிப்பிடத்தக்க இயல்பு என அவ்விருவரும் முடிவுசெய்தனர். இத்தகைய முடிவுகள் ஆட்சேர்ப்பு முறைகளைப் பாதித்தன என்பதை வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு நூலிலே விளக்கியுள்ளார். மனிதரை விரும்பாதவரே இத்தொழிலுக்கு ஏற்றவர் எனத் தெரிந்தெடுத்துவிட்டு, இத்தொழிலில் இருப்பவர் மனிதரை விரும்பாதவர் எனக் காண்பது என்ன ஆய்வு? இயல்பு எனப்பட்டது உண்மையில் ஓர் ஆட்சேர்ப்பு விதியே.

தெரிந்தெடுக்கப்பட்டோர் எவ்வாறு உழைத்தனர் என்பதை இரு நூல்கள் காட்டுகின்றன. ஜோசப் வைசன்போம் 1976 இல் வெளியிட்ட ‘கணனி ஆற்றலும் மனித நியாயமும்’ என்ற பொருள்படும் நூலில், உணவும் உறக்கமும் மறந்து இயந்திரத்தின் முன் கிடக்கும் செய்நிரலாளனைச் சூதாடிக்கு ஒப்பிடுகின்றார். அவரது மனிதநேயம் போற்றத்தக்கதே. எனினும், அவ்விரவுகளை அவர் உள்ளத்தின் வெறியாகவே காண்கின்றார். அவ்வெறியினால் எவர் பயனடைகின்றனர் என்று கேட்டாரில்லை. அவ்வினாவுக்கு விடை 1981 இல் ட்ரேசி கிடர் எழுதிய ‘ஒரு புதிய இயந்திரத்தின் ஆன்மா’ என்ற நூலிலே கிடைக்கின்றது. டேற்றா ஜெனரல் என்னும் நிறுவனத்திலே, படிப்பை முடித்த கையுடன் வந்த இளைஞர், குடும்பத்தையும் ஓய்வையும் துறந்து, மேலதிக உழைப்புக்கு மேலதிக ஊதியமின்றி, குறித்த தவணைக்குள் ஓர் இயந்திரத்தை உருவாக்கும் கதை அது. கிடர் அவ்வுழைப்பின் பெருமிதத்தை வியந்தே எழுதுகின்றார். ஆயினும், வினாடியின் நூறுகோடியில் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் களைத்த பொறியியலாளர் ஒருவர், இனிப் பருவங்களை மாத்திரம் எண்ணப்போவதாகக் குறிப்பெழுதி வைத்துவிட்டு ஒரு கூட்டுவாழ்வுக் கிராமத்துக்குச் சென்றதையும் அவர் பதிவுசெய்துள்ளார். வைசன்போம் நோயெனக் கண்டதை நிறுவனம் ஊக்கமெனக் கண்டது. இரு பார்வைகளிலும் விடுபட்டது வேலைநேரம்.

5

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, உளநோய் என்பதே முதலாளித்துவத்தின் விளைவு என்று முற்போக்காளர் அவசரப்பட்டு முடிவுகட்டிவிடலாகாது. அது லொம்புரோசோவின் பிழையைத் தலைகீழாகச் செய்வதாகும். அமெரிக்கரான ரெறி டேவிசின் வாழ்வு இதனை உணர்த்தும். மின்பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற அவர், 1996 முதல் கடுமையான உளநோய்க்கு உள்ளானார். இறைவனின் ஆணையென நம்பி, கணனியை இயக்கும் அடிப்படை மென்பொருள் முழுவதையும், அதனை எழுதுதற்குரிய செய்நிரல் மொழியையும் தனியொருவராகவே பல ஆண்டுகளிற் படைத்தார். ‘ரெம்பிள்ஓஎஸ்’ எனப்பட்ட அம்முறைமை ஒரு இலட்சம் வரிகளைத் தாண்டியது. ஆற்றலும் நோயும் இங்கு ஒரே மனிதரில் உறைந்தன என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆயினும், நோய் அப்பணிக்கு இலக்கைக் கொடுத்ததேயன்றித் திறனைக் கொடுக்கவில்லை. திறன் அவர் நோய்க்கு முன்னரே பயின்று பெற்றது. அவரைச் சூழ்ந்த இணையக் கூட்டத்திற் சிலர் அவருக்கு உதவினர்; பலர் அவரது பிதற்றலைக் கேளிக்கையாக்கி, மேலும் பிதறும்படி தூண்டினர். இறுதிக் காலத்தில் வீடின்றி அலைந்த அவர், 2018 ஆகஸ்டில் ஒறிகன் மாநிலத்திலே புகையிரதம் மோதி 48 வயதில் இறந்தார். மேதையென்று அவரை வியந்தோரும் பித்தனென்று நகைத்தோரும் ஒரே காட்சியின் பார்வையாளர்களே. நோய் இயற்கையினது, வீடின்மை சமூகத்தினது.

ஆரன் சுவாட்சின் மரணத்தின்பின் எழுந்த விவாதமும் இவ்வகையில் நோக்கத்தக்கது. இளம் பருவத்திலேயே இணையத்தின் நியமங்களை வகுப்பதிற் பங்குகொண்ட அவர், கல்வி ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பெருந்தொகையாகப் பதிவிறக்கியமைக்காக 2011 இல் கைதானார். 2012 இல் குற்றச்சாட்டுக்கள் பதின்மூன்றாயின. உச்சத் தண்டனை பல தசாப்தச் சிறையாகும். 2013 சனவரி 11 ஆம் திகதி, 26 வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தமது மனச்சோர்வு பற்றி 2007 இலேயே அவர் வெளிப்படையாக எழுதியிருந்தார். எனவே, கொன்றது நோயே என்றனர் ஒரு சாரார். கொன்றது வழக்கே என்றனர் மறுசாரார். இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யக் கேட்பதே பிழையாகும். நோயுற்றவர் என அறியப்பட்ட ஒருவரின் மீது இத்தகைய வழக்கைத் தொடுப்பது, நோயை ஒரு தனி நிகழ்வாக விட்டுவைக்காது. பலமற்ற பாலத்தின் மீது பெரும் பாரத்தைச் செலுத்தியபின், இடிந்தது பாலத்தின் குணத்தாலா பாரத்தாலா என வினவுவதிற் பொருளில்லை.

6

இறுதியாக, பெருந்தொகையினரை ஆராய்ந்த ஆய்வுகள் கூறுவது யாது? 2010 இல் வெளியான சுவீடிய ஆய்வொன்று, பாடசாலைக் கல்வியை முடித்த ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து அவதானித்தது. 16 வயதில் மிகச் சிறந்த பெறுபேறு பெற்றோரிடையே இருமுனை உளநோய் ஏற்படும் வாய்ப்பு நடுத்தரத்தினரிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கண்டது. தொன்மத்தைப் போற்றுவோர் இதனோடு நிறுத்திக்கொள்வர். அதே ஆய்வு, மிகக் குறைந்த பெறுபேறு பெற்றோரிடையேயும் அவ்வாய்ப்பு மிகுதியெனக் கண்டது. நோயுற்றோர் மொத்தத்தில் ஆயிரத்துக்கு ஒருவரிலும் குறைவானோரே. உளச்சிதைவு நோயிலோ, தாழ்ந்த பெறுபேற்றுடனேயே தொடர்பு காணப்படுகின்றது. 2013 இல் வெளியான, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்த மற்றொரு சுவீடிய ஆய்வு, கலை, அறிவியல் ஆகிய ஆக்கத் தொழில்களில் ஈடுபட்டோர் பொதுவாக உளநோய்க்கு மிகுதியாக உள்ளாவதில்லை எனவும், இருமுனை நோய் அதற்கு விலக்கு எனவும் முடிவுசெய்தது. எழுத்தாளரிடையே மாத்திரம் பல நோய்கள் மிகுந்து காணப்பட்டன. ஆக, ஒரு குறித்த நோய்க்கும் சிலவகை ஆற்றலுக்கும் இடையே மெல்லிய தொடர்பொன்று உண்டு. பித்தே மேதைமையின் விலையென்னும் விதி எதுவும் இல்லை.

இவ்விதி இல்லாதபோதும் அது நம்பப்படுவதனால் விளையும் தீங்கு சிறிதன்று. தன் உறக்கமின்மையையும் ஓயாத மனத்துயரையும் ஆற்றலின் அடையாளமெனக் கருதும் மாணவன் மருத்துவரை நாடமாட்டான். நோய் நீங்கினால் திறனும் நீங்கிவிடுமென அஞ்சுவான். நாஷின் வரலாறு அவ்வச்சத்துக்கு எதிரான சான்றாயிருக்க, நாஷைப் பற்றிய தொன்மம் அதனை வளர்க்கின்றது. ஊழியரின் துயரத்தை அவர்களது விசித்திர இயல்பின் கணக்கில் எழுதிவிடும் நிறுவனம் வேலைநேரத்தைக் குறைக்க வேண்டிய கடப்பாட்டிலிருந்து தப்பிக்கொள்கின்றது. இவையனைத்தினும் பெரிய அநீதி வேறொன்று. தேற்றம் எதுவும் நிறுவாத, மென்பொருள் எதுவும் படைக்காத நோயாளர் எண்ணற்றோர் உளர். மேதையாயிருந்தமையால் ஒருவரது நோயை மன்னிக்கும் சமூகம், மேதையல்லாதவரின் நோயை மன்னிப்பதில்லை. பரிவு என்பது ஆற்றலுக்கு அளிக்கப்படும் பரிசாக இருக்கும்வரை அது பரிவன்று.

எனவே, இத்தகைய படைப்புக்களை மதிப்பிடும் விமர்சகன், அவை எவ்வளவு கண்ணீரை வரவழைக்கின்றன என்று கேட்பதுடன் அமையலாகாது. நாயகனைச் சூழ்ந்திருந்தவர் எவர், அவர்களின் உழைப்பு எங்கே போயிற்று, அவனது துன்பத்துக்குப் பொறுப்பான சட்டமும் சந்தையும் கதையில் எவ்விடத்தில் நிற்கின்றன, நோயின் காலத்தையும் ஆக்கத்தின் காலத்தையும் படைப்பு வேறுபடுத்துகின்றதா என்பனவற்றையும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களுக்கு முகங்கொடுக்கும் ஒரு படைப்பிலே மேதையின் உருவம் சற்றுச் சிறுக்கக்கூடும். ஆனால் அங்குதான் நோயாளன் முதன்முறையாக ஒரு மனிதனாகத் தோன்றுவான்.